மேம்படுத்திய பின் எழாத மடிக்கணினி: எந்தப் படியில் நின்றது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிய இயங்குதளம் அது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்களில் பலர் அந்த நாளையொட்டித்தான் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். அதே நாளில் விண்டோஸ் 11-க்கு வந்த மாதாந்திரப் புதுப்பிப்பு விசித்திரமான கோளாறு ஒன்றைக் கொண்டுவந்தது. விண்டோஸுக்குள் ஒழுங்காக வேலைசெய்யும் யூஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும், கணினி எழாதபோது பழுதுபார்க்கத் திறக்கும் மீட்புச் சூழலுக்குள் மட்டும் செயலற்றுப்போயின. எழுப்புவதற்கான வழிகளெல்லாம் திரையில் வரிசையாகத் தெரியும். எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. மாத அட்டவணைக்குக் காத்திராமல் அக்டோபர் 20 அன்று தனித் திருத்தம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டிவந்தது.

‘அப்டேட் போட்டேன், லேப்டாப் ஆன் ஆகவில்லை’ என்பது கேட்பதற்கு ஒரே புகார்தான். அதன் பின்னால் இருக்கும் காரணங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினி எழவில்லை என்றால் ஏதோ ஒரு கோப்பு காணாமற்போயிருக்கும், அல்லது கெட்டிருக்கும். இன்றோ எல்லாக் கோப்புகளும் நலமாக இருக்கும்போதே, தன்முன் வைக்கப்பட்டதை நம்ப முடியாது என்று கணினி எழ மறுக்கிறது. பழுதிலிருந்து மறுப்புக்கு நடந்த இந்த நகர்வைப் புரிந்துகொள்ளாமல் பழைய வைத்தியத்தையே செய்வதால்தான், காப்பாற்றியிருக்கக்கூடிய தரவுகள் அழிகின்றன என்பது என் உறுதியான கருத்து.

பொத்தானிலிருந்து பெயர் கேட்கும் திரை வரை

பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டின் சில்லில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். பழக்கத்தில் அதை இன்றும் பயாஸ் என்கிறோம். ராம், திரை, டிஸ்க் ஆகியவற்றைச் சோதித்துவிட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று தன் பட்டியலை அது பார்க்கிறது. டிஸ்க்கில் இருக்கும் பூட் மேனேஜர் எனும் சிறு நிரலை எழுப்பி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பூட் மேனேஜர் தன் குறிப்பேட்டைத் திறந்து, விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. பிசிடி என்ற பெயருடைய இந்தக் குறிப்பேடு விஸ்டாவோடு வந்தது. அடுத்து லோடர் வருகிறது. கெர்னலையும், தொடக்கத்துக்கு இன்றியமையாத டிரைவர்களையும் ராமில் ஏற்றுகிறது. கெர்னல் ஓடத் தொடங்கி, மற்ற டிரைவர்களும் சேவைகளும் எழுந்து, கடைசியில் கடவுச்சொல் கேட்கும் திரை வருகிறது.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வழித்தோன்றல்களில் இந்த வேலை மிகக் குறுகிய இடத்தில் நடந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகள்தான் எம்பிஆர்; தொடக்க நிரலுக்கு அதில் 446 பைட்டுகள் கிடைத்தன. டிஸ்க்கை 2 டெராபைட்டுக்கு மேல் அடையாளம் காணவும் அந்த முறையால் இயலவில்லை. இடானியம் சில்லுக்காக 1990-களில் இன்டெல் உருவாக்கத் தொடங்கிய இஎஃப்ஐ முறை, 2005-இல் அமைந்த கூட்டமைப்பின் கையில் யூஇஎஃப்ஐ ஆனது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, அதற்கான சான்றிதழ் பெற்று விற்கப்படும் கணினிகளில் செக்யூர் பூட் இருந்தாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை விதித்தது. தகுந்த கையொப்பம் இல்லாத பூட் மேனேஜரை ஃபர்ம்வேர் ஓடவே விடாது என்பதுதான் செக்யூர் பூட்டின் சாரம். இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. இன்று வாய்வழியாகப் பரவும் பழுதுநீக்க ஆலோசனைகளில் பெரும்பகுதி அந்த 512 பைட் காலத்தைச் சேர்ந்தது.

எந்தப் படியில் நின்றது என்பதைத் திரையே சொல்லிவிடுகிறது. தயாரிப்பாளரின் சின்னம்கூடத் தெரியாமல் இருட்டாக இருந்தால், விண்டோஸ் இன்னும் காட்சிக்கே வரவில்லை. மின்சாரம், ராம், ஃபர்ம்வேர் இவற்றில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். சின்னம் வந்து, ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்ற வகையில் ஒரு வரி வந்தால், ஃபர்ம்வேருக்கு டிஸ்க் தெரியவில்லை; அல்லது டிஸ்க் தெரிந்தும் பூட் மேனேஜர் கிடைக்கவில்லை. நீலப் பின்னணியில் ‘உங்கள் கணினியைப் பழுதுபார்க்க வேண்டும்’ என்ற பொருளில் அறிவிப்பும் சி000000எஃப் போன்ற எண்ணும் வந்தால், பூட் மேனேஜர் எழுந்துவிட்டது, பிசிடியில் தடுமாறுகிறது. சின்னத்தின் கீழ் புள்ளிகள் சுழன்று, அதன் பின் நிறுத்தத் திரை வந்தால், சிக்கல் கெர்னலிலோ டிரைவரிலோ இருக்கிறது. பல ஆண்டுகள் நீலமாக இருந்த இந்தத் திரையை 2025-இல் விண்டோஸ் 11 கறுப்பாக மாற்றிவிட்டது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிய பழக்கம் இனி உதவாது. வரியைப் படிக்க வேண்டும். கடவுச்சொல் கொடுத்த பிறகு கறுப்பாகி, மவுஸ் அம்பு மட்டும் நகர்ந்தால், தொடக்கம் முடிந்துவிட்டது என்றே பொருள். கிராஃபிக்ஸ் டிரைவரையோ பயனர் கணக்கையோ பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, கைபேசியில் அந்தத் திரையைப் படமெடுத்து வைப்பது. பழுதுபார்க்கப் போகிறவரிடம் ‘ஏதோ எரர் வந்தது’ என்று சொல்வதற்கும், அந்தப் படத்தைக் காட்டுவதற்கும் பல மணி நேர வித்தியாசம் இருக்கிறது.

மேம்பாட்டின்போது உள்ளே நடப்பது

மாதாமாதம் வரும் திருத்தத்தையும் பதிப்பு மாற்றத்தையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். முன்னது சில கோப்புகளை மாற்றுகிறது. பின்னது ஒரு புதிய விண்டோஸை முழுதாக இறக்கி, பழையதை ‘விண்டோஸ் ஓல்டு’ என்ற கோப்புறைக்குள் தள்ளிவிட்டு, நம் செயலிகளையும் கோப்புகளையும் புதியதற்குள் குடியேற்றுகிறது. நான்கு கட்டங்களில் இது நடக்கிறது. பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும் தயாரிப்பு முதலாவது. பழைய விண்டோஸும் புதியதும் இல்லாத ஒரு சிறு தற்காலிகச் சூழலில் நடப்பது இரண்டாவது. புதிய விண்டோஸின் முதல் தொடக்கம், அதற்கடுத்த தொடக்கம் ஆகியவை மற்ற இரண்டும்.

எங்கேனும் தடுக்கினால் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடும் ஏற்பாடு இருக்கிறது. திரும்பிய பின் காட்டும் பிழை எண்ணைப் பலர் கவனிக்காமல் மூடிவிடுகிறார்கள். சி1900101 என்ற எண்ணோடு இரண்டாவதாக ஓர் எண் வரும். அதன் முதல் இலக்கம் 2 என்றால் தற்காலிகச் சூழலிலும், 3 என்றால் முதல் தொடக்கத்திலும், 4 என்றால் இரண்டாம் தொடக்கத்திலும் தடுக்கியது என்று அறியலாம். சி1900101 வரும்போது காரணம் பெரும்பாலும் பொருந்தாத டிரைவர் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. நடந்தவற்றின் பதிவுகளைப் படித்துக் காரணத்தைச் சொல்ல, செட்டப்டயாக் என்ற இலவசக் கருவியையும் அந்நிறுவனம் தருகிறது. இத்தனை இருந்தும், அந்த எண்ணைப் படிக்காமலேயே மறுபடி மறுபடி மேம்பாட்டை ஓடவிடுவதுதான் நடக்கிறது. டிரைவர் மாறாத வரை முடிவும் மாறாது.

புதிய பதிப்பு எழுந்துவிட்டது, ஆனால் தடுமாறுகிறது என்றால் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். விண்டோஸ் 10 வெளிவந்தபோது இந்த அவகாசம் முப்பது நாளாக இருந்தது. 2016-இல் பத்தாகக் குறைத்தார்கள். டிஸ்க்கில் இடம் மிச்சமாகும் என்பது அதற்கான நியாயம். மாதம் ஒருமுறை மட்டும் அச்சுப்பொறியையோ கணக்குச் செயலியையோ தொடுகிறவருக்கு, பிழை தெரியவருவதற்குள் கதவு மூடிவிடுகிறது. இந்தக் குறைப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

தேடியும் கிடைக்காதபோது

எழாமைக் காரணங்களில் எளிதானது, ஒரு படி அடுத்த படியைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்பது. பூட் வரிசை மாறியிருக்கலாம், செருகியிருக்கும் பென் டிரைவை ஃபர்ம்வேர் முதலில் பார்த்திருக்கலாம், பிசிடி கெட்டிருக்கலாம். புதிய மடிக்கணினிகளில் பூட் மேனேஜர் குடியிருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் மிகச் சிறியது. விண்டோஸ் தானே அமைக்கும்போது பெரும்பாலும் 100 மெகாபைட்டுதான் ஒதுக்கும். இரண்டு இயங்குதளங்கள் அதைப் பகிர்ந்துகொண்டால் நெருக்கடி வரத்தான் செய்யும்.

இங்கேதான் பழைய மருந்துச்சீட்டு குறுக்கிடுகிறது. பூட்ரெக் கட்டளையை ‘ஃபிக்ஸ் எம்பிஆர்’, ‘ஃபிக்ஸ் பூட்’ என்று வரிசையாகக் கொடுக்கச் சொல்வார்கள். முதலாவது எம்பிஆருக்கான மருந்து. யூஇஎஃப்ஐ முறையில் எழும் கணினிக்கு அதனால் பயனில்லை. இரண்டாவது, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று பல கணினிகளில் திரும்பிவிடும். அப்போது கணினி மோசமாகக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். மீட்புச் சூழலின் கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் கொண்டு இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் விண்டோஸ் கோப்புறையிலிருந்து தொடக்கக் கோப்புகளை அங்கே புதிதாக எழுதுவதே யூஇஎஃப்ஐ காலத்துக்கு ஏற்ற முறை. ஒரு சொந்தக் கோப்பைக்கூட இது தொடுவதில்லை. மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வழக்கமான சி அங்கே டி ஆகத் தெரியலாம். அடைவைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு எழுத வேண்டும்.

டிரைவர் தாங்காதபோது

‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று வரும் 7பி பிழையின் கதை வேறு. விண்டோஸ் எழுந்துவிட்டது, ஆனால் தான் குடியிருக்கும் டிஸ்க்கையே அதனால் தொட முடியவில்லை. டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவர் மேம்பாட்டில் மாறியிருக்கலாம். அல்லது ஃபர்ம்வேர் அமைப்பில் ரெய்டு, ஏஎச்சிஐ என்ற இரண்டுக்கும் இடையே யாரோ மாற்றியிருக்கலாம். இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் சில்லுகள் முதல் பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு இயக்கப்பட்டே வருகிறது. அதற்கான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் நிறுவ முயன்றால் டிஸ்க்கே பட்டியலில் தெரியாது. தெரியவில்லையே என்று விஎம்டியை அணைப்பார்கள். ஏற்கெனவே அதன்மேல் நிறுவியிருந்த விண்டோஸ் 7பி பிழையில் விழும். திரும்ப இயக்கினால் எழுந்துவிடும். டிஸ்க் போய்விட்டது என்று புதியது வாங்குவதற்கு முன்னால் இந்த ஓர் அமைப்பைப் பார்ப்பது நல்லது.

கெர்னலின் உள்ளறைக்குள் வேலைசெய்யும் வெளி நிறுவனப் பாதுகாப்பு மென்பொருள்கள் இதைவிடப் பெரிய ஆபத்து. 2024 ஜூலை 19 அன்று உலகம் அதைப் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு தரவுக் கோப்பு, அதன் டிரைவரைத் தடுமாறச் செய்தது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் முடங்கின. இது இயங்குதள மேம்பாடு இல்லை என்றாலும், எழாமையைப் பற்றி அந்த நாள் கற்றுத்தந்த அளவுக்கு வேறெதுவும் கற்றுத்தரவில்லை. மருந்து மிக எளிது: சேஃப் மோடில் எழுப்பி, 291 என்ற எண்ணைப் பெயரில் கொண்ட அந்தக் கோப்பை நீக்கினால் போதும். ஆனால் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் உட்கார வேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் ஏற்பாடான பிட்லாக்கர் இயங்கிய கணினிகளில், அந்தக் கோப்பை எட்டுவதற்கே அதன் மீட்பு எண் தேவைப்பட்டது. அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த சர்வர்களில் சிலவும் அதே கோப்பால் விழுந்துகிடந்தன.

வீட்டு மடிக்கணினிக்கும் இதில் பாடம் உண்டு. பதிப்பு மாற்றத்துக்கு முன் வெளி ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு, எழுந்தபின் திரும்ப நிறுவுவது நல்லது. அணைத்து வைத்தால் மட்டும் போதாது, அதன் டிரைவர் உள்ளேதான் இருக்கும்.

நம்ப மறுக்கும் கணினி

இப்போது கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். டிபிஎம் என்பது மதர்போர்டிலோ ப்ராசசருக்குள்ளோ இருக்கும் சிறிய பாதுகாப்புப் பெட்டகம். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அதன் 2.0 பதிப்பைக் கட்டாயமாக்கியது. தொடக்கத்தின் ஒவ்வொரு படியையும் அளந்து டிபிஎம்மில் பதிகிறார்கள். அளவுகள் முன்புபோலவே இருந்தால்தான் டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் சாவியை அது வெளியே விடும். ஃபர்ம்வேரோ செக்யூர் பூட் பட்டியலோ மாறினால் அளவு மாறும். உடனே பிட்லாக்கர் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். திருடன் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் கேட்கும். மைக்ரோசாஃப்டே அனுப்பிய புதுப்பிப்பு ஃபர்ம்வேரின் நம்பிக்கைப் பட்டியலை மாற்றினாலும் கேட்கும். டிபிஎம்மால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இது கற்பனை இல்லை. 2022 ஆகஸ்டில் செக்யூர் பூட்டின் தடைப்பட்டியலைப் புதுப்பித்த கேபி5012170 சில கணினிகளை இந்தத் திரையில் கொண்டு நிறுத்தியது. 2024 ஜூலையின் மாதாந்திரப் புதுப்பிப்பும் அதையே செய்தது. இரண்டையும் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது.

கொடுமை என்னவென்றால், தன் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே பலருக்கு அந்தத் திரையில்தான் தெரியவருகிறது. ஹோம் பதிப்பிலும் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்ற பெயரில் இதே பூட்டு உண்டு. தகுதியுள்ள மடிக்கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்ததும் அது தானாகவே இயங்கி, மீட்பு எண்ணை அந்தக் கணக்கில் சேமித்துவிடும். யார் கணக்கு? வாங்கிய கடையில் அவசரமாகத் திறந்த ஒரு மின்னஞ்சலாக இருக்கலாம். மகன் கல்லூரியில் கொடுத்த கணக்காக இருக்கலாம். அப்படியானால் எண் கல்லூரி நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கும், படிப்பு முடிந்து கணக்கும் மூடப்பட்டிருக்கும். எண் எங்கும் கிடைக்காவிட்டால் அந்த டிஸ்க்கைத் திறக்க வழியே இல்லை. கடைக்காரருக்கும் இல்லை, மைக்ரோசாஃப்டுக்கும் இல்லை. பூட்டு சரியாக வேலை செய்கிறது என்பதன் பொருளே அதுதான்.

டிஸ்க்கைப் பூட்டிவைப்பது தேவையான காரியம். மடிக்கணினி தொலையக்கூடிய பொருள். ஆனால் பூட்டிய செய்தியை உடைமைக்காரருக்குத் தெளிவாகச் சொல்லாமல் பூட்டுவதை நியாயப்படுத்த முடியாது. பல ஜிகாபைட் மேம்பாட்டை இறக்கி, பலமுறை மறுதொடக்கம் செய்யும் அந்த நிகழ்வில், ‘உங்கள் மீட்பு எண் இந்தக் கணக்கில் இருக்கிறது; ஒரு தாளில் எழுதிக்கொண்டீர்களா?’ என்று ஒரு திரையைக் காட்டுவதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. அதுவரை அந்தப் பொறுப்பு நம்முடையது. பதிப்பு மாற்றத்தின்போது விண்டோஸ் தானே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயாஸ் புதுப்பிப்பை நாமே இறக்கிப் போடும்போதுதான் கவனம் வேண்டும். நிறுத்திவைத்துவிட்டு, எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதே பாதுகாப்பு.

மறுப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. விண்டோஸ் 11-இன் தகுதிச் சோதனையைத் தந்திரமாகக் கடந்து பழைய கணினிகளில் நிறுவும் வழிகள் பிரபலமானவை. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு, ‘பாப்கவுன்ட்’ எனும் ப்ராசசர் கட்டளை இருந்தால்தான் ஓடும். கோர் 2 டுவோ காலத்துச் சில்லுகளில் அந்தக் கட்டளை கிடையாது. இந்தத் தடையைத் தாண்ட அமைப்பு மாற்றம் எதுவும் உதவாது. முந்தைய பதிப்பில் நன்றாக ஓடிய கணினி, இதில் எழவே எழாது.

லினக்ஸிலும் மேக்கிலும்

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, பாதிப்புள்ள பழைய லினக்ஸ் பூட் நிரல்களைத் தடுக்க எஸ்பேட் என்ற விதியை ஃபர்ம்வேரில் எழுதியது. இரண்டு இயங்குதளம் வைத்திருக்கும் கணினிகளில் அந்த விதி செயல்படாது என்றுதான் அறிவித்திருந்தார்கள். ஆனால் பலருடைய உபுண்டுவும் டெபியனும் ‘ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது’ என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்தன. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸில் எழுந்து, அந்த விதியை நீக்கி, மறுபடி இயக்க வேண்டியிருந்தது. அதற்கு முன், 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற ஓட்டையை அடைக்க வந்த திருத்தத்தால் ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ் கணினிகள் சில எழாமற்போயின. 2017 டிசம்பரில் நடந்தது இன்னும் மோசம். உபுண்டு 17.10-இன் கெர்னலில் இருந்த ஒரு டிரைவர், லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் பயாஸ் சில்லையே எழுத முடியாதபடி ஆக்கியது. அந்தப் பதிப்பின் நிறுவல் கோப்பைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டார்கள்.

ஆனாலும் லினக்ஸின் ஓர் ஏற்பாட்டை மனதாரப் பாராட்ட வேண்டும். புதிய கெர்னல் வந்தாலும் பழைய கெர்னல் அப்படியே இருக்கும். கிரப் எனும் தொடக்க நிரலின் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து எழுந்துவிடலாம். மேம்பாட்டுக்குப் பிறகு ‘கெர்னல் பேனிக்’ வந்து, ரூட் பார்ட்டிஷனை ஏற்ற முடியவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பூட் பார்ட்டிஷன் நிரம்பி, தொடக்கக் கோப்பு அரைகுறையாக எழுதப்பட்டது பல வேளைகளில் காரணமாக இருக்கும். என்விடியா டிரைவர் புதிய கெர்னலுக்குக் கட்டப்படாமல், அல்லது செக்யூர் பூட் ஏற்கும் கையொப்பம் இல்லாமல் கறுப்புத் திரை வருவதும் உண்டு.

மேக் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2020 நவம்பரில் அதன் இயங்குதளத்தின் பிக் சர் பதிப்பு வந்தபோது, 2013 இறுதியிலும் 2014-இலும் வந்த 13 அங்குல மேக்புக் புரோக்கள் சில கறுப்புத் திரையில் நின்றன. மறு ஆண்டு மான்டெரேயின்போது டி2 சில்லின் ஃபர்ம்வேர் சில கணினிகளை முடக்கியது. ஒரே நிறுவனம் சில்லையும் மென்பொருளையும் செய்தாலும் விபத்து நடக்கிறது. டி2 சில்லோ ஆப்பிள் சிலிகானோ உள்ள மேக்குகள் முழுதாக முடங்கினால், இன்னொரு மேக்கைக் கேபிளால் இணைத்து ஃபர்ம்வேரை மறுபடி எழுதலாம். இன்னொரு மேக் கையில் இல்லாதவர் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

காகமும் பனம்பழமும்

மேம்பாட்டின் தலையில் விழும் பழிகள் எல்லாமே நியாயமானவை அல்ல. 2025 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் 11 புதுப்பிப்பு எஸ்எஸ்டிகளைக் கொல்கிறது என்ற செய்தி வேகமாகப் பரவியது. கன்ட்ரோலர் தயாரிக்கும் ஃபைசன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் அதை மறுபடி நிகழ்த்த முடியவில்லை என்றது; தொடர்பு எதுவும் கண்டறியப்படவில்லை என்று மைக்ரோசாஃப்டும் அறிவித்தது. பதிப்பு மாற்றம் பல ஜிகாபைட்டுகளைப் படித்து எழுதுகிறது. சாகும் தறுவாயில் இருந்த ஹார்டு டிஸ்க் அந்தச் சுமையில் நின்றுபோனால், காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இதைப் பிரித்தறிவது வெறும் நியாய விசாரணைக்காக இல்லை. டிஸ்க் சாகிறது என்றால், செக்டிஸ்க், மறுநிறுவல் என்று அதை மேலும் உழைக்கவைப்பதே கடைசி அடியாக அமைந்துவிடும். டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவுகளைப் பார்த்து ஐயம் எழுந்தால், லினக்ஸ் பென் டிரைவில் எழுப்பி, டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகலெடுத்துவிட வேண்டும். பிறகு நகலில்தான் வைத்தியம்.

எதை முதலில், எதைக் கடைசியில்

சார்ஜர் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை நன்றாக அழுத்திப்பிடித்து அணைத்து, மறுபடி எழுப்பிப் பார்ப்பதில் இழப்பதற்கு எதுவுமில்லை. ஆனால் ‘புதுப்பிப்புகள் நடக்கின்றன, அணைக்க வேண்டாம்’ என்ற திரை நிற்கும்போது இதைச் செய்யக் கூடாது. பழைய ஹார்டு டிஸ்க்கில் அந்தத் திரை மணிக்கணக்கில் நிற்கலாம். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் காத்திருப்பதே சரி. பேட்டரி செத்துப்போன மடிக்கணினியில், மின்வெட்டு வரும் நேரத்தில், மேம்பாட்டைத் தொடங்காமல் இருப்பது அதைவிடச் சரி.

அடுத்து, ஃபர்ம்வேருக்குள் போய் டிஸ்க் தெரிகிறதா என்று பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு முறை எழத் தவறினால் மீட்புச் சூழல் தானே திறக்கும். அதில் கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கும் வாய்ப்பு உண்டு. மாதாந்திரத் திருத்தம் தனி, பதிப்பு மாற்றம் தனி என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். மேம்பாட்டுக்குப் பின் எழாத கணினிக்கு, ஸ்டார்ட்டப் ரிப்பேரையும்விட இதையே முதலில் முயல்வேன். காரணம் எதுவென்று தெரியாதபோதும், மாறியதைத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். சேஃப் மோடில் எழுகிறது என்றால் குற்றவாளி டிரைவரோ வெளிச் சேவையோதான். விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி, டிஸ்ம் கட்டளைகளும் பிசிடிபூட்டும் அதற்கு அப்பால். ‘ரீசெட்’ செய்யும்போது கோப்புகளை வைத்துக்கொள்ளச் சொன்னாலும் செயலிகள் போய்விடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

மீட்புச் சூழலே இல்லாமலும் போகலாம். அது டிஸ்க்கில் தனி பார்ட்டிஷனில் இருக்கிறது. 2024 ஜனவரியில் அதைச் சரிசெய்ய வந்த கேபி5034441, அந்தப் பார்ட்டிஷனில் 250 மெகாபைட் காலியிடம் இல்லாத கணினிகளில் 80070643 என்ற பிழையோடு தோற்றது. ஆகவே விண்டோஸ் நிறுவல் பென் டிரைவ் ஒன்றை, கணினி நன்றாக இருக்கும்போதே செய்துவைத்துக்கொள்வது அவசியம்.

நம் ஊர் சர்வீஸ் கடைகளில் முதலில் கேட்கும் சொல் ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்பது. கடைக்காரரின் நேரத்துக்கு அது சிக்கனம். ஒரு மணி நேரத்தில் புதிய விண்டோஸ் ஓடும். பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க்கில் ஃபார்மட் என்பது, நாளை எண் கிடைத்தாலும் திறக்க எதுவும் மிஞ்சாமல் செய்வது. மகளின் ஆய்வேடு, கடையின் கணக்கு, இறந்துபோனவர்களின் படங்கள் என்று அந்த டிஸ்க்கில் இருப்பவற்றுக்கு மறுபதிப்பு கிடையாது. டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, தேவையானால் புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் நிறுவித் தரச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய் கூடும், தரவு மிஞ்சும்.

அடுத்து வருவது

கிரவுட்ஸ்ட்ரைக் விபத்துக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் ‘குயிக் மெஷின் ரெக்கவரி’ என்ற ஏற்பாட்டை அறிவித்து, 2025-இல் விண்டோஸ் 11-இல் சேர்த்தது. பலரின் கணினிகள் ஒரே காரணத்தால் எழாதபோது, மீட்புச் சூழலே இணையத்தில் இணைந்து திருத்தத்தைத் தேடிப் போட்டுக்கொள்ளும். வரவேற்க வேண்டிய முயற்சி. மீட்புச் சூழல் வரை வந்துசேரும் கணினிகளுக்கே அது உதவும். அதற்கு முந்தைய படியில், ஃபர்ம்வேரின் மறுப்பில் நிற்பவற்றுக்கு உதவாது.

அந்தப் படியில்தான் அடுத்த பெரிய மாற்றம் நடக்கிறது. செக்யூர் பூட் சார்ந்திருக்கும் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. விண்டோஸ் பூட் மேனேஜரின் கையொப்பத்துக்கு அடிப்படையான சான்றிதழுக்கு அவ்வாண்டு அக்டோபர்தான் எல்லை. காலாவதியான அன்றே கணினிகள் நின்றுவிடாது. ஆனால் 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களுக்கு மாறாதவை தொடக்கப் படிக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற முடியாது. மாறியவற்றிலோ ஒரு பழைய கைப்பழக்கம் ஆபத்தாகிறது. எழவில்லை என்றதும் பயாஸை ‘டிஃபால்ட்’ ஆக்கிப் பார்ப்பது பலருடைய முதல் வேலை. தயாரிப்பாளர் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காத மடிக்கணினியில் அப்படிச் செய்தால், புதிய சான்றிதழ் அழிந்து 2011-ஆம் ஆண்டுப் பட்டியல் திரும்பிவரக்கூடும். புதிய கையொப்பத்தோடு டிஸ்க்கில் காத்திருக்கும் பூட் மேனேஜரை ஃபர்ம்வேர் அப்போது யாரென்றே தெரியாததாக நினைத்துத் தடுத்துவிடும். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து விண்டோஸில் எழுந்து, சான்றிதழைத் திரும்பச் சேர்த்த பின் மறுபடி இயக்குவதே அதற்கு வழி. அணைத்த உடனே பிட்லாக்கர் அந்த 48 இலக்கங்களைக் கேட்கும்.